மறுமொழி: ஓவர்ஷூட்டுக்குத் தமிழில் என்ன சொல்? 'விஞ்சல்' என்கிறேன்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓவர்ஷூட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடிப் போன வாரம் தொடங்கிய பேச்சு, மிகைவளைவு, கோட்டு மீறல், தாண்டல், ஒளியியல் திருத்தம், ததும்பல் என்று நான்கைந்து சொற்களோடு அப்படியே நின்றுவிட்டது. எழுத்துருப் பயிற்சிக்கான தாளை அச்சுக்குக் கொடுப்பதற்குள் ஒரு சொல்லை முடிவு செய்தாக வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ட, ப, ம மூன்றுக்கும் அடி தட்டை. எழுத்து நிற்கும் கோட்டில் நீளமாகப் படிந்து உட்காரும். வளைந்த அடியுள்ள எழுத்தோ கோட்டை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். இரண்டையும் அளவுகோல் வைத்து ஒரே உயரத்தில் வரைந்தால், வளைந்தது குட்டையாகவும் கோட்டுக்கு மேலே மிதப்பதாகவும் கண்ணுக்குத் தெரியும். அதைச் சரிக்கட்ட, வளைந்த எழுத்தை மேலும் கீழும் கோட்டுக்கு அப்பால் கொஞ்சம் நீட்டி வரைகிறோம். எழுத்து வரையும் கட்டத்தின் உயரத்தை 1000 அலகாகப் பிரித்து வேலை செய்தால் 10 முதல் 15 அலகு வரை கொடுப்பது வழக்கம். இந்தச் சிறு நீட்சிதான் ஓவர்ஷூட். இது இல்லாத எழுத்துருவில் ஒரு வரியைப் படித்தால் எழுத்துகள் ஏறி இறங்கித் தள்ளாடுவது போலிருக்கும், ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியாது. 'கனகம்' என்று எழுதிப் பாருங்கள். க-வுக்குத் தலை தட்டை, ன-வுக்கு வளைவு. இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் ன கூனிப்போய்த் தெரியும். க, ச, த, ர ஒரு பக்கம், ண, ன, ள, ற மறு பக்கம் என்று தமிழில் இந்தக் கலவை சொல்லுக்குச் சொல் வருவதால், ஓவர்ஷூட் நமக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த அலங்காரமல்ல, அன்றாடத் தேவை.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> 'மிகைவளைவு' போதும், பார்த்தவுடன் புரிகிறது

பார்த்தவுடன் புரிவது வேறொன்று என்பதுதான் என் சிக்கல். மிகைவளைவு என்றால் வளைவு அதிகமாகிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இங்கே வளைவு மாறவில்லை, எல்லைதான் நகர்ந்திருக்கிறது. இன்னொன்று, இது வளைவுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-யின் கூர் உச்சிக்கும் வி-யின் கூர் அடிக்கும் இதே திருத்தம் தேவை, ஏனென்றால் கூரும் கோட்டை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. அங்கே வளைவே கிடையாது. சிங்கப்பூரில் நாம் செய்யும் எழுத்துருக்கள் அநேகமாக எல்லாமே தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பலகையில் சேர்த்து நிறுத்த வேண்டியவை. ஆங்கில எழுத்துக்குப் பொருந்தாத சொல்லை வைத்துக்கொண்டால் அடுத்த மாதமே இன்னொரு சொல் தேட வேண்டிவரும்.

> 'கோட்டு மீறல்'?

இதைத்தான் நான் உறுதியாக எதிர்க்கிறேன். மீறல் என்றதும் விதிமீறல், ஒப்பந்த மீறல், உரிமை மீறல் எல்லாம் கூடவே வந்து நிற்கும். புதிதாக எழுத்துரு செய்ய வருகிறவருக்கு இது பிழை அல்ல என்று புரிய வைப்பதே பெரிய வேலை. திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், ஒரு முனை கோட்டைத் தாண்டி நிற்கிறது, கை தவறிவிட்டது என்று நினைத்து அதைப் பிடித்துக் கோட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். வேண்டுமென்றே கொடுத்த திருத்தம் போயே போய்விடுகிறது. அந்தப் பழக்கத்துக்குச் சொல்லே துணை போனால் எப்படி? கலைச்சொல் பொருளைச் சுட்டினால் மட்டும் போதாது, அதைக் கேட்கிறவரின் கையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'தாண்டல்' எனக்குப் பிடித்த சொல்தான், எளிமையானது, ஆனால் 'கோட்டைத் தாண்டாதே' என்று வீட்டிலேயே சொல்லி வளர்த்திருக்கிறோம். அதே கறை இங்கும் கொஞ்சம் ஒட்டுகிறது.

'ஒளியியல் திருத்தம்' தவறில்லை, ஆனால் பெரிய குடை. படுக்கைக் கோட்டைச் செங்குத்துக் கோட்டைவிடச் சற்று மெலிதாக வரைவது, இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் மையைக் குறைப்பது எல்லாமே ஒளியியல் திருத்தம்தான். ஓவர்ஷூட் அதில் ஒன்று. 'ததும்பல்' அழகு, மனத்துக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் '12 அலகு ததும்பல் கொடு' என்று வேலை நடுவில் யாரும் சொல்ல மாட்டார்கள். எண்ணோடு ஒட்டாத சொல் இந்தத் தொழிலுக்கு உதவாது.

என் பரிந்துரை: விஞ்சல்.

விஞ்சு என்ற வினை எப்போதும் 'எதை?' என்று கேட்கும். ஒன்றை இன்னொன்று விஞ்ச வேண்டும். ஓவர்ஷூட்டும் அப்படியேதான், தட்டையான எழுத்தோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருளே உண்டு. 'இந்த ன, க-வை 12 அலகு விஞ்சுகிறது' என்று ஒரே வாக்கியத்தில் யார், எதை, எவ்வளவு என்று மூன்றும் சொல்லிவிடலாம். குற்றத் தொனி இல்லை, தந்தையை விஞ்சிய மகன் என்று மகிழ்ந்துதானே சொல்கிறோம். எழுத்துரு வேலையில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் இல்லை, காலியாகக் கிடக்கிறது.

அப்புறம், கிளைச் சொற்கள். இதுதான் எனக்கு முக்கியமான சோதனை. மேலே நீண்டால் மேல்விஞ்சல், கீழே நீண்டால் கீழ்விஞ்சல். ஆங்கிலத்தில் கீழே நீள்வதைச் சிலர் ஓவர்ஷூட் என்றும் சிலர் அண்டர்ஷூட் என்றும் சொல்லிக் குழப்புகிறார்கள், நமக்கு அந்தக் குழப்பம் வராது. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழிக்கான எழுத்துருக்களில் புளூ வேல்யூஸ் என்ற பட்டியல் இருக்கிறதே, தட்டை எல்லைக்கும் வளைவு எல்லைக்கும் இடைப்பட்ட மெல்லிய பட்டைகளைக் குறித்து வைப்பது, அதை விஞ்சல் பட்டை எனலாம். சின்ன அளவில், ஒரு திரைப்புள்ளிக்கும் (பிக்சல்) குறைவான நீட்சி திடீரென்று ஒரு முழுத் திரைப்புள்ளியாகத் தெரிந்து எழுத்து துருத்திக்கொள்ளாமல் இருக்க, மென்பொருள் இந்தப் பட்டைக்குள் வரும் நீட்சியை அமுக்கிவிடும். அது விஞ்சல் ஒடுக்கம். எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பட்டியலைக் கையால் நிரப்பும்போது, என்ன நிரப்புகிறோம் என்பது பெயரிலேயே இருக்கும்.

எண்களில் இந்தச் சொல் எவ்வளவு நன்றாக உட்காருகிறது பாருங்கள். 0, 3, 6, 8, 9 ஐந்துக்கும் இரு விஞ்சலும் உண்டு. 2-க்குத் தலை வளைவு, அடி தட்டை, ஆகவே மேல்விஞ்சல் மட்டும். 5-க்கு நேர்மாறாகக் கீழ்விஞ்சல் மட்டும். 1, 4, 7 மூன்றுக்கும் பொதுவாக எதுவும் வேண்டாம். பயிற்சித் தாளில் இதற்கு எடுத்துக்காட்டாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியின் புளோக் எண்ணைப் போடலாம் என்று நினைக்கிறேன். சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலாக 108 என்று எழுதும்போது விஞ்சல் இல்லாவிட்டால் 1 நெடுநெடுவென்று நிற்கும், 0-வும் 8-ம் பக்கத்தில் சுருங்கிப்போகும். அதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம், பெரிதாக்கிக் காட்டத் தேவையே இல்லை.

எண்களைப் பற்றிய இன்னொரு விஷயமும் இங்கேயே. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் எண்களை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கே விட்டுவிடுகிறார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே, அதனால் வரிக்கு நடுவில் வரும் ஆண்டும் விலையும் தலை தூக்கி நிற்கின்றன. நீங்கள் எண்களைத் தமிழ் எழுத்துக்கு இசைவாகக் கொஞ்சம் தாழ்த்தினால் (தாழ்த்துங்கள் என்பதே என் கருத்து), பழைய மேல் எல்லைக்குப் போட்ட பட்டை அவற்றுக்கு உதவாது. எண்களுக்கெனத் தனி விஞ்சல் பட்டை வேண்டும். தமிழ் எண்களைச் சேர்ப்பவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு: ௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ-வுக்கு அவ்வளவு நெருக்கம், எழுத்துக்குக் கொடுத்ததையே கொடுக்கலாம். ௦ மட்டும் தனி, முழு வட்டம். 2005-இல் யூனிகோடு 4.1-இல்தான் அது சேர்ந்தது என்பதால் பழைய எழுத்துருக்களில் பார்த்துப் பழக முடியாது, சொந்தமாகத்தான் வரைந்து சரிபார்க்க வேண்டும்.

> 'விஞ்சல்' பிள்ளைகளுக்குப் புரியுமா? ஓவர்ஷூட் என்றே வைத்துக்கொள்ளலாமே

அக்கா, உங்கள் கவலை நியாயமானது, இங்கே வளரும் பிள்ளைகளுக்கு 'விஞ்சு' பழக்கமில்லாத சொல்லாக இருக்கலாம். ஆனால் ஓவர்ஷூட்டும் அவர்களுக்குப் பட்டென்று புரிவதில்லை, அதையும் படம் போட்டுத்தான் விளக்குகிறோம். எப்படியும் விளக்கத்தான் போகிறோம் என்றால் வினையாக வளையும் சொல்லுக்கே அந்த நேரத்தைச் செலவிடலாம். பெருவிரைவு ரயில், சமூக மன்றம், வீவக எல்லாம் இங்கே பழகப் பழகத்தான் நம் வாயில் ஏறின.

அளவு பற்றி ஒரு வேண்டுகோள். தாளில் விஞ்சலை அலகில் மட்டும் எழுத வேண்டாம், விழுக்காட்டிலும் எழுதுவோம். 1000 கட்டத்தில் 12 என்பது 2048 கட்டத்தில் ஏறக்குறைய 25 ஆகிவிடும், எண்ணை அப்படியே பெயர்த்துப் போட்டால் விஞ்சல் பாதியாகிவிடும். உயரத்தில் 1 முதல் 2 விழுக்காடு என்று தொடங்கி, பிறகு கண்ணால் முடிவு செய்யட்டும். வளைவு ஒடுங்கிக் கூராகக் கூர்மையாக விஞ்சல் கூட வேண்டும், சதுரம் போல அகன்றால் குறைய வேண்டும், இதையும் ஒரு வரி சேர்க்கிறேன்.

விஞ்சலுக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு சேர்த்து அதன் கிளைச் சொற்களையும் எழுதி அனுப்புங்கள், மேல், கீழ், பட்டை, ஒடுக்கம் நான்குக்கும். வியாழக்கிழமை வரை பார்க்கிறேன், அதன் பிறகு தாள் அச்சுக்குப் போய்விடும். எழுத்தின் இரு பக்கமும் விடும் இடத்துக்கு 'ஓர இடமா', 'பக்க இடைவெளியா' என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அதைத் தனி இழையில் தொடங்குங்கள், இங்கே கலந்துவிட வேண்டாம்.

அன்புடன்