சீனியவரைக்காயும் ஒரு கட்டு மல்லியும்

குழு: ஆச்சி வீட்டுக் கூட்டம்
ஞாயிற்றுக்கிழமை

10:05 நான்: அம்மா, பாளை மார்க்கெட்டில் சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) அரைக் கிலோ வாங்கிவிட்டேன். ஒரு கட்டு மல்லியும் இருக்கிறது. போன வாரம் மாதிரி ஆகக் கூடாது. யாராவது வழி சொல்லுங்கள்.

10:06 சங்கரன்கோவில் சித்தி: போன வாரம் என்ன ஆச்சு?

10:08 நான்: புளித்தண்ணீர் விட்டு, மூடி போட்டு, அரை மணி நேரம் வேகவைத்தேன். சருகு நிறத்தில் வந்தது. தாத்தா தட்டைப் பார்த்துவிட்டு, "இது எனக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டார்.

10:08 மதினி: 😂😂😂

10:09 அம்மா: புளி விடச் சொன்னது யார்?

10:09 நான்: நீதான். கசப்புப் போகும் என்றாய்.

10:10 அம்மா: அது பாகற்காய்க்குச் சொன்னது!

10:12 தென்காசி மாமா: மருமகனே, தாத்தா கேட்டதில் தப்பில்லை. வடக்கே ராஜஸ்தானில் இதை மாட்டுத் தீவனமாகவும் போடுகிறார்கள். ஆனால் அங்கே முக்கியமாகப் பயிரிடுவது விதைக்குத்தான். அந்த விதையிலிருந்து எடுக்கிற பசைமாவு ஐஸ்கிரீமில்கூடச் சேர்கிறது. நம்மைப் போலக் காயாகச் சமைத்துத் தின்பதும் உண்டு.

10:13 சங்கரன்கோவில் சித்தி: அத்தான், அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கேட்கிறான், நீங்கள் ராஜஸ்தானுக்குப் போய்விட்டீர்கள். குக்கரில் ஒரு விசில் விடுப்பா. வேலை முடிந்தது.

10:14 அம்பை அத்தை: குக்கரா! வேண்டவே வேண்டாம். ஒரு விசில் என்று நினைத்து இரண்டு விட்டால் கூழாகிவிடும்.

10:15 சங்கரன்கோவில் சித்தி: அம்பை மதினி, தாத்தாவுக்குப் பல் செட். வேகாவிட்டால் மெல்ல முடியாது. அதற்காகச் சொன்னேன்.

10:16 நான்: அதுதான் என் பிரச்சினையும். பச்சையாக இருந்தால் வேகவில்லை, வெந்தால் பச்சை இல்லை.

10:19 அம்பை அத்தை: காயை எப்படி நறுக்கினாய்?

10:19 நான்: ஒரு விரல் நீளம்.

10:21 அம்பை அத்தை: அங்கேதான் கோளாறு. இரண்டு முனையையும் கிள்ளி நாரை உரித்துவிடு. நாலைந்து காயைச் சேர்த்துப் பிடித்து, பொடிப்பொடியாக நறுக்கு. உளுந்தம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். பொடியாக இருந்தால் பத்து நிமிடத்தில் பூப்போல வெந்துவிடும், நிறமும் ஓடாது. வளைத்தால் ஒடியாத காயைத் தனியாக எடுத்து வை. முற்றியது எத்தனை நேரம் போட்டாலும் நார்தான்.

10:22 நான்: அரைக் கிலோவையுமா? பொடியாகவா?

10:22 அம்மா: தாத்தாவையும் உட்காரச் சொல். பேப்பர் படித்துக்கொண்டே கிள்ளித் தருவார்.

10:31 தென்காசி மாமா: நிறம் ஏன் போகிறது என்று கேட்கவே இல்லையே யாரும்?

10:31 மதினி: கேட்காவிட்டாலும் சொல்வீர்கள் சித்தப்பா 😄

10:35 தென்காசி மாமா: பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் இருக்கிறது. சூட்டில் அமிலம் பட்டால் அது கழன்று, ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துகொள்ளும். பச்சை போய்ப் பழுப்பு வரும். காயிலேயே கொஞ்சம் அமிலம் உண்டு. வேகும்போது அதில் ஒரு பகுதி ஆவியோடு போகப் பார்க்கும். நீ மூடி போட்டால் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். போதாததற்குப் புளி வேறு விட்டிருக்கிறாய்.

10:36 நான்: அப்போது ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சையாகவே இருக்குமா?

10:37 தென்காசி மாமா: இருக்கும். ஆனால் காய் கொழகொழத்துப் போகும், சத்தும் போகும். ஓட்டல் வேலை நமக்கு வேண்டாம்.

10:40 அம்மா: ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே அனுப்புகிறேன்.

"கால் மூடித் தேங்காய், அரைக் கரண்டி சீரகம், நாலு பல் வெள்ளைப்பூண்டு, இரண்டு பச்சை மிளகாய். அரைக்காதே, சதை. வத்தல் வேண்டாம், இன்றைக்கு எல்லாம் பச்சையாகவே இருக்கட்டும். முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும், அப்புறம்தான் காய். மூடாதே. காய் மூழ்குகிற அளவு தண்ணீர் போதும், கடைசியில் வற்றிவிடும். தண்ணீரைக் கொட்டினால் ருசியையும் கொட்டுகிறாய்."

10:41 நான்: ஆச்சி, அம்மி பின்கட்டில் இருக்கிறது. அதன் மேல் துணி சோப்பு இருக்கிறது.

10:42 அம்மா: மிக்ஸியில் இரண்டு சுற்று விடச் சொல்கிறார்கள். திட்டிக்கொண்டேதான் சொல்கிறார்கள்.

10:44 நான்: கருவேப்பிலை, மல்லி இரண்டையும் தாளிப்பில் போட்டுவிடவா?

10:46 அம்மா: ஆச்சி: "கருவேப்பிலை எண்ணெயில் விழ வேண்டும். மல்லி எண்ணெயைப் பார்க்கவே கூடாது." தேங்காய் எண்ணெய் ஒரு குழிக்கரண்டி, கடுகு, உளுந்தம்பருப்பு, மரத்திலிருந்து அப்போது பறித்த கருவேப்பிலை. அதில் வெந்த காய், பிறகு சதைத்த தேங்காய். இரண்டு பிரட்டு. அடுப்பை அணைத்த பிறகு மல்லி.

10:47 அம்பை அத்தை: மல்லித் தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. வேரை மட்டும் நறுக்கிவிட்டு, தண்டைப் பொடியாக்கித் தேங்காயோடு சேர். இலையை விடத் தண்டில்தான் மணம் நின்று வரும்.

10:49 மதினி: எனக்கு மட்டும் மல்லி என்றால் சோப்பு வாசனை. இந்த வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

10:51 தென்காசி மாமா: நான் நம்புகிறேன் அம்மா. மல்லி மணத்தில் இருக்கிற ஆல்டிஹைடுகள் சோப்பிலும் வரும். மூக்கில் ஒரு மரபணு வேறுபாடு இருப்பவர்களுக்கு அதுதான் தூக்கலாகத் தெரியும்.

10:51 மதினி: கல்யாணமாகி 6 வருடம். இதை முதல் வருடமே சொல்லியிருக்கலாம் சித்தப்பா.

10:52 அம்மா: தம்பி, உப்புப் பாதிதான். தாத்தாவுக்குப் பிரஷர் இருக்கிறது.

12:20 நான்: (படம்)

12:20 சங்கரன்கோவில் சித்தி: அட! கிளிப்பச்சை!

12:21 அம்பை அத்தை: ஓரத்தில் கறுப்பாக இருப்பது என்ன?

12:22 நான்: உளுந்தம்பருப்பு. அந்த நேரம் பார்த்து மாமாவின் மக்னீசியத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

12:23 தென்காசி மாமா: பழி என் மேலா?

13:05 அம்மா: தாத்தா என்ன சொன்னார்கள்?

13:07 நான்: ஒன்றும் சொல்லவில்லை. ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை போட்டுக்கொண்டார். உப்பு இல்லையே என்றார். நீ சொன்னாய் என்றேன். அப்புறம் பேச்சே இல்லை.

13:08 அம்மா: ஆச்சி கேட்கிறார்கள், எங்களுக்கு மிச்சம் இருக்கிறதா? 4 மணி பஸ்ஸில் கிளம்புகிறோம்.

13:10 நான்: சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். முற்றின காய் ஒரு கைப்பிடி இருக்கிறது, வேண்டுமா?