சில்லு சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: டிராக்‌ஷனுக்குத் தமிழ்ச்சொல் தேவை

ஸ்காபரோவிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும்.

இங்கே கனடாவில் குடியிருப்பு வளாகங்களில் பனி அகற்றப் போகிறவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. இயந்திரம், பின்னால் நடந்தபடி ஓட்டும் இருசில்லு (இரு சக்கர) ட்ராக்டர். ஊரில் லான்ட்மாஸ்டர் என்போமே, அந்த வகைதான். கைப்பிடியை மறுபக்கம் திருப்பிப் பூட்டினால் கருவி முன்னால் வந்துவிடும். அங்கே கலப்பைக்குப் பதிலாகப் பனியை வாரி வீசும் கருவியை மாட்டுகிறார்கள்.

ஒரு அதிகாரம் முழுக்க டிராக்‌ஷனைக் கூட்டுவது, அதாவது சில்லு சறுக்காமல் தரையில் பிடித்து வண்டியை நகர்த்தச் செய்வது பற்றி. சில்லுக்குச் சங்கிலி கட்டுவது, பாரம் ஏற்றுவது, டயர்க் காற்று, டிஃபரென்ஷல் லாக் (இரு சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) எல்லாம் வருகின்றன. உராய்வு என்று போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. அதிகாரம் நெடுக ஒரே சொல்லாக வரவேண்டும். உதவுங்கள்.

கோவையிலிருந்து:

அம்மா, வணக்கம். உராய்வு பொருந்தாது என்று நீங்கள் உணர்ந்தது சரியே. உராய்வு தொட்டுக்கொண்டிருக்கும் எந்த இரு பரப்புக்கும் இடையில் உண்டு. பிரேக் கட்டையிலும் உண்டு, தீக்குச்சியிலும் உண்டு. டிராக்‌ஷன் அப்படியல்ல. சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளும்போது, தரை திருப்பித் தள்ளி வண்டியை முன்னேற்றுகிறதே, அந்த விசை. அதன் உச்சம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, சக்கரத்தின் மேல் விழும் எடை. இன்னொன்று, டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு, அதாவது உராய்வின் அளவைச் சொல்லும் எண். காய்ந்த தார்ச்சாலையில் கெழு சுமார் 0.7 இருக்கும். இறுகிய பனியில் 0.2, 0.3 அளவுக்கு இறங்கிவிடும். பனிக்கட்டியில் 0.1 கிடைத்தாலே பெரிது. எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இந்த வரம்பைத் தாண்டி ஒரு நியூட்டன் கூடக் கிடைக்காது.

ஆகவே என் பரிந்துரை இழுவை. ட்ராக்டரை இழுவை இயந்திரம் என்கிறோம், ரயிலில் மின்னிழுவை என்கிறோம். குடும்பமாகச் சேர்ந்து நிற்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா சொன்ன விளக்கத்தை அப்படியே என் மாணவருக்கு வாசித்துக் காட்டலாம். ஆனால் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பௌதிகவியல் வகுப்பில் இழுவை என்றால் கயிற்றில் உள்ள இழுவை, நீங்கள் இழுவிசை என்று எழுதுவது. உயர்தர வகுப்பு படித்த ஒருவர் கையேட்டில் 'இழுவையைக் கூட்டுக' என்று கண்டால், எதையோ இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அதிலும் இது சங்கிலியைப் பற்றியும் பேசும் அதிகாரம். அவர் சங்கிலியை அளவுக்கு மீறி இறுக்கினால் டயரின் பக்கச்சுவர் தேயும்.

என் யோசனை தரைப்பற்று. என்ன, எங்கே என்ற இரண்டும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து:

நான் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பனியைப் பார்த்ததில்லை, ஆனால் பவர் டில்லர் சேற்றில் நின்றுபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தொளி உழவுக்கு ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு இரும்புக் கேஜ் வீல் மாட்டுவோம். ஏன் என்று எங்கள் ஊரில் எந்த ஓட்டுநரைக் கேட்டாலும், "டயருக்குப் பிடிமானம் இல்லைங்க" என்பார். பிடிமானம், அவ்வளவுதான். சொல் ஏற்கெனவே வயலில் கிடக்கிறது. குழு அதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேஜ் வீல் பனிக்கும் உதவும் என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள். சேற்றில் அது அடிமண் வரை இறங்கிக் கவ்வும். வாசல் சிமெண்டில் இறங்க இடம் ஏது? தரையைத்தான் கொத்தும்.

மதுரையிலிருந்து:

இழுவையைப் பற்றி இன்னும் ஆழமான ஒரு தடை இருக்கிறது. யாரும் தொடவில்லை என்பதால் சொல்கிறேன்.

'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே' என்கிறது குறள் 415. இங்கே இழுக்கல் என்பது வழுக்கல். வழுக்கு நிலத்தில் ஊன்றுகோல் போல என்றுதான் உரை. இழுக்கு என்றால் தவறு என்று இன்று சொல்கிறோம். அது கால் தவறுவதிலிருந்து வந்தது. இழுது என்றால் நெய், வெண்ணெய். இழுகுதல் என்றால் பூசுதல், தடவுதல். இழு என்ற அடியில் வழுவழுப்பே ஓடுகிறது என்பது என் துணிபு. வழுக்காமல் இருக்கும் தன்மைக்கு வழுக்கலின் அடியிலிருந்தே பெயர் வைப்பதா?

அதே குறளில் விடையும் இருக்கிறது. வழுக்கு நிலத்தில் உதவுவது ஊற்றுக்கோல், அதாவது ஊன்றுகோல். ஊன்று என்பதில் மேலிருந்து கீழாக எடை இறங்குகிறது. இறங்கிய இடத்தில் நிலைபெறுகிறது. நிலைபெற்றதால் முன்னே போக முடிகிறது. கோவை ஐயா சொன்ன எடை, கெழு இரண்டும் இந்த ஒரு வினைக்குள் அடங்கிவிட்டன. டிராக்‌ஷனுக்கு ஊன்றம் என்று முன்மொழிகிறேன். ஊன்றம் மிகுதல், ஊன்றம் இழத்தல், ஊன்றச் சங்கிலி என்று கிளைக்கும்.

பிடிமானத்தில் '-மானம்' எனக்கு உறுத்துகிறது. அளவைக் குறிக்கும் வடசொல்லைத் தமிழ் வினையின் வாலில் கட்டியது போல இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து:

தேய்மானம், கட்டுமானம், பெறுமானம் எல்லாவற்றையும் இனி எழுதக்கூடாதா ஐயா? தமிழ் வினையோடு சேர்ந்து அந்த விகுதி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ள இடம் தந்தவர் தொல்காப்பியர். மானத்தில் நீக்க வேண்டிய வடவெழுத்து ஒன்றுகூட இல்லையே.

கோவையிலிருந்து:

மதுரை நண்பருக்கு. ஒலி ஒத்தால் அடி ஒன்று என்று ஆகிவிடாது. இழுத்தல் வேறு, இழுக்குதல் வேறு என்றே கொள்கிறேன். நீங்கள் சொல்வதை ஏற்றால் இழுவிசையையும் பாடநூலிலிருந்து எடுக்கவேண்டி வரும். ஊன்றம் அழகான ஆக்கம், மறுக்கவில்லை. ஆனால் ஊன்றுவது அசையாமல் நிற்பதற்கு. கம்பத்தை ஊன்றுகிறோம், நாற்றை ஊன்றுகிறோம். டிராக்‌ஷன் நகர்வதற்கு.

மதுரையிலிருந்து:

உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணம் அசையாமல்தான் நிற்கிறது. உங்கள் இயக்கவியலே அதைச் சொல்கிறது. அது அசைந்தால் அதன் பெயர் சறுக்கல். ஆகவே ஊன்றித்தான் உருள்கிறது.

புறநானூறு 90-இல் ஔவையார் 'சாகாட்டு ஆழ்ச்சி' என்கிறார். மணலில் புதைந்த பார வண்டியைப் பகடு இழுத்துப் போகும் காட்சி. அங்கே வண்டியின் சக்கரத்துக்குப் பற்று தேவையே இல்லை. இழுப்பது எருது, ஊன்றுவது எருதின் குளம்பு. எஞ்சின் வந்த பிறகுதான் சக்கரமே குளம்பின் வேலையையும் செய்ய வேண்டி வந்தது. பழந்தமிழில் இதற்கு நேரான சொல் கிடைக்காததற்குக் காரணம் இதுதான் என நினைக்கிறேன். பாரம் ஏற்றச் சொல்லும் பக்கத்தில் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளையும் சேர்க்கலாம். மயிலிறகு ஏற்றிய வண்டியும் பாரம் மிஞ்சினால் அச்சு முறியும் என்பது பொருள். சக்கரத்தில் இரும்புப் பாரம் மாட்டுகிறவருக்கு அச்சு தாங்குமா என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

ஒஸ்லோவிலிருந்து:

நடுவே நுழைகிறேன், மன்னிக்க. எந்தச் சொல்லானாலும் சரி, எதன் மேல் என்று சொல்லாவிட்டால் இந்த அதிகாரம் விளங்காது. பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுத முடியாது. ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பது. நீலகிரியில் உறைபனி என்பது இரவில் வெண்மையாகப் படிவது. இங்கே கொட்டுவது வேறு. புதிதாக விழுந்த தூள்பனியில் டயரின் பட்டைகள் கீழே வரை இறங்கும், வண்டி போகும். கார்கள் ஏறி நசுக்கிய இறுகற்பனியில் டயர் சுற்றத் தொடங்கினால், அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். இரண்டாவது முறை முயன்றால் முன்னைவிட மோசம். பட்டைகளுக்கு இடையிலும் பனி அடைத்துக்கொள்ளும். பிறகு பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான். மூன்றாவது பனிக்கட்டி. அங்கே சங்கிலி இல்லாமல் இறங்கவே கூடாது, சரிவான வாசலில் சங்கிலியோடும் கவனம் வேண்டும்.

தூள்பனி, இறுகற்பனி, பனிக்கட்டி என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள் அக்கா. என் வாக்கு பிடிமானத்துக்கு.

ஸ்காபரோவிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்ன மூன்று பிரிவையும் எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூர் ஐயாவின் கேஜ் வீல் எச்சரிக்கையும் போகிறது.

நேற்று இந்த வேலை செய்கிற ஒருவரிடம் நான்கு சொல்லையும் வாசித்துக் காட்டினேன். இழுவைக்கு, "அதென்ன, ட்ரெய்லரோ?" என்றார். தரைப்பற்றைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிலத்தைப் பிடிக்கிறதுதானே" என்றார். பிடிமானத்துக்கு யோசிக்கவே இல்லை. ஊன்றம் விளங்கவில்லை, விளக்கியதும் பிடித்துப்போய் இருமுறை சொல்லிப் பார்த்தார். விடியுமுன் இருட்டில் கையுறையோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு விளக்கம் சொல்ல நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஆகவே பிடிமானம். ஒரு பத்தியை ஒட்டுகிறேன், பாருங்கள்:

"சில்லு இருந்த இடத்திலேயே சுற்றினால் உடனே கிளட்சை விடுவியுங்கள். தொடர்ந்து சுற்றவிட்டால் கீழே உள்ள பனி வழவழப்பாகிப் பிடிமானம் இன்னும் குறையும். கைப்பிடியைச் சற்றுக் கீழே அழுத்தினால் முன்கருவியின் எடையில் ஒரு பங்கு சில்லுக்கு வரும், பிடிமானம் கூடும். அதிகம் அழுத்தினால் கருவி மேலெழுந்து பனியை விட்டுவிடும். எப்போதும் அழுத்த வேண்டியிருந்தால் சில்லுப் பாரம் மாட்டுங்கள். டயருக்குள் வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் எளிதில் உறையாது, லிட்டருக்கு எடையும் கூட. ஆனால் இரும்பை அரிக்கும், டியூப் இல்லாத டயரில் ஊற்ற வேண்டாம். ஒரு சில்லு பனிக்கட்டியிலும் மற்றது தரையிலும் நின்றால் பனிக்கட்டியில் உள்ளதுதான் சுற்றும். அப்போது டிஃபரென்ஷல் லாக்கைப் போடுங்கள். திரும்பும் முன் எடுத்துவிடுங்கள்."

யாழ்ப்பாணத்திலிருந்து:

பத்தி நன்றாக இருக்கிறது, இதை விளங்காதவர் இருக்க மாட்டார். கையேட்டுக்குப் பிடிமானம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பாடநூலுக்குத் தரைப்பற்று வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நியூட்டனில் அளக்கிற கணியத்தையும் ஓட்டுநர் உணர்கிற தன்மையையும் ஒரே சொல்லால் குறித்தால் பரீட்சையில் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

கோவையிலிருந்து:

அந்தக் கணியத்துக்கு இழுவைவிசை என்று வைத்தால் தடுமாற்றம் தீர்ந்தது. பிடிமானம் தன்மை, இழுவைவிசை அளவு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இழுவையும் விசை, இழுவிசையும் விசை, இப்போது இழுவைவிசையுமா ஐயா? மூன்றையும் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்ட என்னால் முடியாது.

மதுரையிலிருந்து:

பெரும்பான்மை பிடிமானத்தின் பக்கம் இருப்பது தெரிகிறது. கையேடு அச்சாகட்டும், தடை செய்யவில்லை. ஆனால் விளங்காத சொல்லை விளக்கியதும் அந்த உழைப்பாளிக்குப் பிடித்துப்போனது என்று அம்மாவே எழுதியிருக்கிறார். நல்ல சொல்லுக்கு வேண்டியது ஒருமுறை விளக்கம்தான். பேருந்து, மகிழுந்து எல்லாம் ஒருகாலத்தில் விளங்காதவையே. குழுவின் சொற்பட்டியலில் ஊன்றத்தையும் மாற்றுச்சொல்லாகப் பதியும்படி கேட்கிறேன். பதியாவிட்டால் அடுத்த முறையும் கேட்பேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து:

பதியுங்கள், நமக்கு நஷ்டம் இல்லை. அப்புறம் அம்மா, டிஃபரென்ஷல் லாக்கை அப்படியே விட்டதில் எனக்கு வருத்தம்தான். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது அது. இணைப்பூட்டு என்று போடலாமா? வெள்ளிக்கு இன்னும் நேரம் இருக்கிறதல்லவா?

மதுரையிலிருந்து:

இணை என்றால் சோடி. பூட்டிய பின் இரண்டும் சோடியாக இல்லை, ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. ஒருங்குபூட்டு என்பதே பொருந்தும். ஒருங்கு என்ற சொல்லைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.