அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக்கொடுப்பதில் எங்கே தவறு செய்கிறேன்?

மழைத்துளி:

அம்மாவுக்கு 68 வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் பட்டன் போனை மாற்றி ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை, வெளியூரில் இருக்கும் தங்கையிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும், பேரப்பிள்ளைகளின் போட்டோ வந்தால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டுமே இன்னும் கைவரவில்லை. வாட்ஸப்பைத் தொட்டால் திறக்காமல் ஏதோ சின்னப் பெட்டி வருகிறது, சில நாள் ஐகானே இடம் மாறிக் கிடக்கிறது, ஒருமுறை இரண்டு நாள் முழுக்க போன் ஏரோபிளேன் மோடில் இருந்திருக்கிறது, யாருமே கூப்பிடவில்லையே என்று பாவம் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டால் "நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா ஆயிடுச்சு" என்கிறார். நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியும் வைக்கிறார், ஆனால் மறுநாள் அதைப் பார்த்துச் செய்ய முடிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரே விஷயத்தை நாலாவது தடவை கேட்டபோது பொறுமை போய், போனை அவர் கையிலிருந்து வாங்கி நானே செய்து கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனை அலமாரியில் வைத்தவர் இன்னும் எடுக்கவில்லை. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களைப் பழக்கியவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கயல்விழி:

சின்னப் பெட்டி வருகிறது, ஐகான் இடம் மாறுகிறது என்று படித்ததுமே புரிந்துவிட்டது, என் மாமியாருக்கும் இதேதான். அவர் விரலை எடுப்பதற்குள் போன் அதை லாங் பிரஸ், அதாவது விடாமல் அழுத்திப் பிடிப்பது, என்று எடுத்துக்கொள்கிறது. பட்டன் போனில் வருஷக்கணக்காக அழுத்திப் பழகிய கை, அங்கே அழுத்தினால்தான் வேலை நடக்கும். இந்தக் கண்ணாடித் திரைக்கு அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை, விரல்நுனியின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் அது தொடுவதை உணர்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்ந்துவிடுவதால் சில தடவை தொட்டது பதிவே ஆகாது. பதிவாகவில்லை என்றதும் அவர்கள் இன்னும் பலமாக, இன்னும் கொஞ்ச நேரம் அழுத்துவார்கள், உடனே அந்தப் பெட்டி வந்து நிற்கும். அம்மா "நான் ஒண்ணும் பண்ணலை" என்பது அவர் அளவில் முழு உண்மை.

இதில் நம் பங்கும் இருக்கிறது. "இதை அமுக்குங்க, அதை அமுக்குங்க" என்று நாம்தானே சொல்கிறோம்? அந்த வார்த்தையை விட்டுவிடுங்கள். "தட்டுங்க" என்று சொல்லுங்கள். பாத்திரம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துச் சட்டென்று கையை எடுப்போமே, அந்த மாதிரி என்று நான் சொன்ன பிறகுதான் மாமியாருக்குப் பிடிபட்டது.

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய் "டச் அண்ட் ஹோல்ட் டிலே" என்பதை லாங் என்று மாற்றுங்கள், எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தால் லாங் பிரஸ் ஆகும் என்பது அதுதான். சாம்சங் என்றால் டிஸ்ப்ளேக்குள் ஈஸி மோட் இருக்கிறது, ஐகான்களையும் எழுத்தையும் பெரிதாக்கி இந்த நேரத்தையும் சேர்த்தே நீட்டிவிடும். ஐபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் அசிஸ்டிவ் அக்சஸ் உண்டு, வேண்டிய நாலைந்து ஆப் மட்டும் பெரிய கட்டங்களாகத் தெரியும். அப்புறம் திரை 30 நொடியில் அணைந்துவிடாமல் இரண்டு நிமிடமாவது எரியட்டும், யோசித்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிட்டால் தன்னால்தான் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டில் விரலால் இழுக்கிற ஜெஸ்சரை எடுத்துவிட்டுக் கீழே மூன்று பட்டன் வையுங்கள்.

ஓய்வில் ஒருவன்:

நான் சொல்லிக்கொடுப்பவன் இல்லை, கற்றுக்கொண்டவன். 73 வயது. என் மகன் சொல்லிக்கொடுக்கும்போது அவன் கட்டைவிரல் ஒரு நொடியில் மூன்று திரையைத் தாண்டிப் போய்விடும், எனக்குத் தெரிவதெல்லாம் அவன் கையின் முதுகுதான். பேத்தி உட்கார்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொல்வாள். போன் என் கையைவிட்டுப் போகவே போகாது. நான் தப்பாகத் தட்டினாலும் பொறுத்துக்கொண்டு, "இப்ப என்ன தெரியுது தாத்தா?" என்று மட்டும் கேட்பாள்.

அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது வாட்ஸப் இல்லை, வீட்டுக்குத் திரும்பும் வழி. "எங்க வேணும்னாலும் போங்க தாத்தா, தொலைஞ்சு போனதும் நடு பட்டனைத் தட்டுங்க" என்றாள். வேண்டுமென்றே கண்டதையும் திறந்து திறந்து இருபது தடவைக்கு மேல் திரும்பி வந்திருப்பேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு மறதியைவிடப் பயம்தான் பெரிது, யாருடைய போட்டோவாவது அழிந்துவிடுமோ, காசு பிடித்துவிடுமோ என்று. எது போனால் திரும்ப வரும், எது வராது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

நோட்டு நல்ல பழக்கம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அதில் யாருடைய வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். "வாட்ஸப் ஓபன் பண்ணி சாட்டுக்குள் போய்" என்று நீங்கள் சொன்னதை எழுதியிருந்தால் மறுநாள் அது அவருக்கு வேற்றுமொழி. என் நோட்டில் "பச்சை வட்டம். தம்பி முகம். மேலே கேமரா படம்" என்றுதான் இருக்கிறது, நான் பார்த்ததை நானே எழுதியது.

இன்னொன்று, "இது ரொம்ப ஈசிம்மா" என்று சொல்லாதீர்கள். சுலபமானதே வரவில்லை என்றால் அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார்?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு வருத்தம் சொல்லிவிடுங்கள், அவர் எதிர்பார்க்காவிட்டாலும் சொல்லுங்கள். பிறகு தங்கையையே கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிடுவதைவிட வருகிற அழைப்பை எடுப்பது எளிது, அதில் தொடங்கட்டும்.

நெய்தல்:

ரிங்டோனையும் ஒருதடவை பாருங்கள். வயதாகும்போது உச்சமான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும், கீச்சென்று அடிக்கிற ரிங்டோனை எடுத்துவிட்டுக் கனமான ஒலியாக வையுங்கள்.

மோசடி விஷயத்தில் பத்து எச்சரிக்கை சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், ஒன்றே ஒன்று போதும்: யார் எதற்காக அவசரப்படுத்தினாலும், ஓடிபி கேட்டாலும், ஏதாவது ஆப் போடச் சொன்னாலும், பேச்சை அப்படியே நிறுத்தி போனை வைத்துவிட்டு எனக்குக் கூப்பிடுங்கள். வாட்ஸப் பிரைவசி செட்டிங்ஸில் தெரியாத எண்களின் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதியும் இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஆனால் இதெல்லாம் பலிக்க வேண்டுமென்றால் அவர் எந்த நேரம் கூப்பிட்டாலும் நீங்கள் சலித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டில் ஒருவர் திட்டு விழும் என்றே பணம் போனதை மூன்று நாள் சொல்லாமல் இருந்தார், முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருந்தால் வங்கியில் சொல்லித் தடுக்க முயன்றிருக்கலாம்.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி. முதலில் மன்னிப்புக் கேட்டேன், "அதுக்கென்ன, உனக்கும் வேலை இருக்கும்ல" என்றார், அது இன்னும் வலித்தது. பிறகு அவர் விரலை மட்டும் கவனித்தேன். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துகிறார்! ஆறு மாதமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் திரையைத்தான் பார்த்திருக்கிறேன், அவர் கையைப் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் சித்தி கூப்பிட்டார். அம்மா பூட்டிய திரையில் பச்சைப் பட்டனைத் தட்டினார், எடுக்கவில்லை, மேலே தள்ள வேண்டும் என்று நான் சொல்லித்தரவே இல்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு "மேல தள்ளுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது முயற்சியில் சித்தி முகம் வந்தது. நாற்பது நிமிடம் பேசினார்கள். நோட்டில் "பச்சை, மேலே தள்ளு" என்று அவரே எழுதிக்கொண்டார்.

இப்போது பதில் அனுப்பவும் ஆசைப்படுகிறார், ஆனால் கீபோர்டில் எழுத்து சின்னதாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கயல்விழி:

எழுதவே வேண்டாம், குரலை அனுப்பட்டும். வாட்ஸப்பில் வலது மூலையில் இருக்கும் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டுக் கையை எடுத்தால் போய்விடும், அம்மாவின் அழுத்துகிற பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கும். கூகுள் கீபோர்டில் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றுகிற மைக்கும் உண்டு, ஆனால் இரண்டு மைக்கையும் ஒரே வாரத்தில் காட்டிக் குழப்ப வேண்டாம், முதலில் இது பழகட்டும்.