பகைவரை அன்பு செய்வதென்றால் அறுந்த வலைக்கு ஈடு கேட்கக் கூடாதா?

கேள்வி (பாம்பன் வாசகர்):

நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. சென்ற மாதம் அப்பா மாலையில் விட்டு வந்த நண்டு வலையின் மேல் ஒரு விசைப்படகின் இழுவை மடி (இழுத்துச் செல்லும் வலை) ஏறிப் போய்விட்டது. விடியற்காலையில் எடுக்கப் போனபோது மிதப்புகள் கோத்த கயிறும் கொஞ்சம் கந்தல் வலையுமே கைக்கு வந்தன. அன்று விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முறைநாளும் அல்ல. படகுக்காரர் யாரென்று தெரியும், எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவர்தான். மீனவர் சங்கத்தில் முறையிட்டு ஈடு கேட்க வேண்டும் என்கிறார் அப்பா. பகைவரிடம் அன்பு கூரச் சொல்லும் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தைத் திருப்பலியில் கேட்டுவிட்டு வந்த அம்மாவோ, விட்டுவிடுவோம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார். கிறிஸ்து கேட்கும் அன்பு உரிமையைக் கைவிடச் சொல்கிறதா? நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கும்போது அவரை அன்பு செய்கிறேன் என்று நான் சொன்னால் அது பொய்யாகாதா?

மறுமொழி 1 (தொண்டி வாசகர்):

அன்பை மனத்தில் ஊறும் கனிவாக மட்டும் எண்ணுவதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது என்று நினைக்கிறேன். லூக்கா 10-இல் வரும் நல்ல சமாரியருக்கு இரக்கம் வந்தது என்பது ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சை மதுவும், ஏற்றிச் சென்ற விலங்கும், சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியம் வெள்ளிக்காசும், மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்ன வாக்குமே கதையை நிரப்புகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் கறாராகவே வகுத்தார்: பகைவர் நமக்குச் செய்த தீமையை நாம் விரும்ப வேண்டியதில்லை, அது முறையும் அல்ல, அவரும் மனிதர் என்பதால் அவருக்கு நன்மை விழைய வேண்டும், அவருக்கு இக்கட்டு வரும்போது உதவ மனம் ஆயத்தமாக இருக்க வேண்டும். நாளை நடுக்கடலில் அந்த விசைப்படகின் இயந்திரம் நின்றுபோய் அவர் கூப்பிட்டால், உங்கள் அப்பா படகைத் திருப்புவாரா? திருப்புவார் என்றால், கொதிப்பு அடங்காவிட்டாலும் அன்பு அங்கே இருக்கிறது. நீங்கள் சொல்வது பொய்யாகாது.

மறுமொழி 2 (மூக்கையூர் வாசகர்):

தொண்டி நண்பரின் விளக்கம் தெளிவானது. ஆனால் அதில் சிலுவைக்கு இடம் குறைந்துவிடுகிறதோ என்று ஐயப்படுகிறேன். அங்கியைக் கேட்டு வழக்காடுபவருக்கு மேலுடையையும் கொடுத்துவிடச் சொன்னவர் இயேசு. சகோதரர்களுக்குள் வழக்காடிய கொரிந்து சபையாரிடம், நீங்கள் ஏன் அநீதியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று பவுல் நேராகவே கேட்கிறார் (1 கொரிந்தியர் 6:7). நம் மாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் (போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ), 1686-இலேயே மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, பின்னர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர். லிஸ்பனிலேயே தங்கிவிடும்படி அரசர் கேட்டும் மறுத்து, தம்மை வதைத்த மண்ணுக்கே திரும்பி வந்தார். உரிமையை எண்ணிப் பார்ப்பவர் அப்படி வந்திருக்க மாட்டார். உங்கள் அம்மா சொல்வதை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.

மறுமொழி 3 (ஓரியூர்ப் பக்கத்து உபதேசியார்):

மூக்கையூர் சகோதரர் காட்டிய வசனம் கனமானது. ஆனால் அதற்கு இரண்டு வரி முன்னால், சகோதரர்களிடையே தீர்த்துவைக்க உங்களுக்குள் ஒரு ஞானி கூடவா இல்லை என்று அதே பவுல் கேட்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் கடிந்துகொண்டது வெளியார் மன்றத்துக்கு ஓடுவதைத்தான். நடுவர் வைத்துப் பேசுவதை அவரே எதிர்பார்க்கிறார். கடற்கரை ஊர்களில் சங்கம் கூடிப் பேசித் தீர்ப்பது ஏறக்குறைய அதுவே. அன்பு அநீதியில் மகிழாது, உண்மையில் மகிழும் என்று அன்பைப் பாடும் 13-ஆம் அதிகாரமும் இதே கடிதத்தில்தான் இருக்கிறது.

இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த வலை யாருடையது? படகில் வரும் ஆட்களுக்குப் பங்கு உண்டு. வலை வாங்க வியாபாரியிடம் முன்பணமும் பெற்றிருப்பீர்கள். அப்பா தம் நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அது புண்ணியம். கூட வருகிறவரின் வீட்டு அரிசியையும் சேர்த்து மன்னித்துவிட அவருக்கு உரிமை இல்லை. அருளானந்தர் கொடுத்தது தம் கழுத்தை, அடுத்தவர் கூலியை அல்ல.

கேள்வி கேட்டவர்:

நன்றி ஐயா. ஆட்களின் பங்கை நாங்கள் யோசிக்கவே இல்லை. இனி எப்படித் தொடங்குவது? கோவிலில் அந்தப் படகுக்காரர் எங்கள் முகத்தைப் பார்ப்பதைக்கூடத் தவிர்க்கிறார்.

உபதேசியார்:

மத்தேயு 18:15 முதல் 17 வரை வழி வரிசையாகவே இருக்கிறது: முதலில் தனியே போய்ப் பேசுவது, கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போவது, அதற்கும் இணங்காவிட்டால் சபையில் சொல்வது. ஆகவே சங்கத்துக்குப் போகுமுன் அப்பா ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய் வரட்டும். உண்மையில் முதலில் வர வேண்டியவர் அவர்தான். பீடத்தில் காணிக்கை வைக்குமுன் போய்ச் சமாதானம் செய்துகொள் என்று மத்தேயு 5:23 சொல்வது, யார்மேல் மனத்தாங்கல் இருக்கிறதோ அவரைப் பார்த்து. அவர் வரவில்லை என்பதற்காக நீங்களும் போகாமல் இருக்க வேண்டாம்.

போனால் வலையின் விலையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். கொடுக்கும் விதத்தில் மட்டும் தாராளமாக இருங்கள்: தவணையாகத் தரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரருக்குக் கடல் வருமானம் கிடையாது. அந்த நாட்களில் தவணை கேட்பதில்லை என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.