மொட்டை மாடிக்கு வெள்ளையா, செங்காவியா?

பள்ளத்தூரான்:
ஓட்டுவீடு அண்ணன் நேற்று இங்கே எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "நம் முன்னோர் சிவப்பு ஓடுதான் போட்டார்கள். உள்ளே போனால் ஏசி தோற்கும். கான்கிரீட் மாடிக்கும் செங்காவி அடித்தால் போதும். வெள்ளை பெயிண்ட் கம்பெனிக்காரன் ஏமாற்று." இதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒருவர் செங்காவி வாங்கவே கிளம்பிவிட்டார். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் மாடியில் பாதிக்கு வெள்ளை அடித்தேன். மீதியைப் பாசி பிடித்துக் கறுத்த கான்கிரீட்டாகவே விட்டேன். சித்திரையில் ஒரு நாள் மதியம் 2 மணிக்கு வெப்பமானித் துப்பாக்கியை வைத்துப் பார்த்தேன். கறுத்த பக்கம் 58, வெள்ளைப் பக்கம் 43. வித்தியாசம் 15 டிகிரி. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஓட்டுவீடு:
தம்பி, 15 டிகிரியா? அப்படியென்றால் வெளியே 40 இருக்கும்போது உங்கள் வீட்டுக்குள் 25 இருக்க வேண்டுமே. கம்பளி போர்த்திக்கொண்டா படுக்கிறீர்கள்? கானாடுகாத்தானில் எங்கள் ஐயா கட்டிய வீட்டுக்கு 90 வயது. கத்திரி வெயிலில் பட்டாலைக் கூடத்தில் வெறும் தரையில் படுத்தால் முதுகு சில்லென்று இருக்கும். அதன் கூரை சிவப்பு. வெள்ளை இல்லை.

பள்ளத்தூரான்:
நான் சொன்னது மாடியின் மேற்பரப்பு. அறைக்குள் என்று எங்கே சொன்னேன்? திரும்பப் படியுங்கள். 58 கழித்தல் 43. 15.

கொத்தனார் பேரன்:
இரண்டு பேருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா அந்தக் காலத்து வீடுகளில் ஓடு மேய்ந்தவர். அந்த வீடுகள் குளுகுளு என்று இருப்பதற்கு நிறம் காரணமில்லை. நாட்டு ஓட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் பல அடுக்கு போடுவார்கள். வளைந்த ஓடு என்பதால் அடுக்குக்கு அடுக்கு காற்று நிற்கும். மேல் ஓடு வெயிலில் கொதிக்கும், கீழ் ஓட்டுக்கு அந்தச் சூடு மெதுவாகத்தான் இறங்கும். அதற்குக் கீழே உயரமான கூரை, கனத்த சுவர், நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம். சூடான காற்று வானம் பார்த்த வாசல் வழியே மேலேறிப் போய்விடும்.

இதில் எதுவுமே 5 அங்குலக் கான்கிரீட்டில் இல்லை. அது பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம் தலையில் இறக்கும். பரண் மேல் ஏறி இரவு 10 மணிக்கு மேல்தளத்தின் அடிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள், இட்லிப் பானை மூடியைத் தொட்டது போல இருக்கும். அதில் செங்காவி அடித்தால் ஓட்டு வீடு ஆகிவிடாது.

ஓட்டுவீடு:
தாத்தா ஓடு மேய்ந்தார் சரி, பேரன் என்ன வேலை பார்க்கிறார்? கான்கிரீட்தானே போடுகிறார்? ஊரையெல்லாம் கான்கிரீட்டாக்கியது நீங்கள், இப்போது வெயிலடிக்கிறது என்று புலம்புவதும் நீங்கள். 15 டிகிரிக்கு வருகிறேன். எந்தத் துப்பாக்கி அது? கொரோனா நேரத்தில் நெற்றியில் காட்டினார்களே, அதுவா?

கோட்டையூரான்:
நல்ல கேள்வி! நெற்றித் துப்பாக்கி 43-ஐ ஒட்டித்தான் கடைசி அளவு காட்டும், அதற்கு மேல் போனால் எண்ணே வராது. வெள்ளைப் பக்கம் மிகச் சரியாக 43 வந்திருக்கிறது பாருங்கள். மாட்டிக்கொண்டார்.

பள்ளத்தூரான்:
அந்தக் கருவி 43-க்கு மேல் காட்டாது என்றால் 58 எப்படிக் காட்டியது? கேட்கும் முன் ஒரு நொடி யோசிக்க வேண்டாமா? என்னுடையது பட்டறையில் மோட்டார் சூடு பார்க்கும் கருவி. போன வருஷம் ஆழ்குழாய்க் கிணறு விஷயத்திலும் இதேபோல் பாதி தெரிந்துகொண்டு குறுக்கே வந்தீர்கள். நான் மறக்கவில்லை.

கோட்டையூரான்:
ஆழ்குழாய்க் கிணற்றில் நான் சொன்ன இடத்தில்தான் தண்ணீர் வந்தது. அதையும் மறக்காதீர்கள்.

தேவகோட்டை ஆச்சி:
எங்கள் வீட்டிலும் போன வருஷம் வெள்ளை அடித்தோம். கருவியெல்லாம் என்னிடம் இல்லை, கால்தான் கருவி. வத்தல் காயப் போட ஏறினால் வெள்ளையில் செருப்பில்லாமல் நிற்க முடிகிறது. அடிக்காத மூலையில் கால் வைத்தால் துள்ளிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் ஒன்று, கண் கூசுகிறது. பக்கத்து மாடி வீட்டு அண்ணி "உங்கள் வெயில் என் சன்னலுக்கு வருகிறது" என்று இன்று வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம், ஆடிக் காற்றில் செம்மண் பறந்து வந்து வெள்ளையெல்லாம் செங்காவி ஆகிவிட்டது. அதற்கு என்ன செய்வது?

ஓட்டுவீடு:
ஆச்சி சொல்லிவிட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நம் மண்ணே சிவப்பு. வெள்ளை அடித்தாலும் அது சிவப்பாகத்தான் மாறும். இப்போது உங்கள் 15 எங்கே போயிற்று?

பள்ளத்தூரான்:
ஆச்சி, ஒரு மழைக்கு அப்புறம் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால் வெள்ளை திரும்பிவிடும். புது வெள்ளை மேலே விழும் வெயிலில் முக்கால் பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். தூசி படிந்தால் அது குறையும், ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் சிவப்பு ஓட்டை விட மேல். ஓடு கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் திருப்பி அனுப்பும்.

இன்னொன்றும் சொல்கிறேன். காரைக்குடி இருப்பது வடக்கே 10 டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும், நட்ட கம்புக்கு நிழலே விழாது. ஆவணியில் இன்னொரு முறை அப்படி வரும். அந்த நேரத்தில் சுவரில் அடிக்கும் வெயில் கொஞ்சம், அத்தனையும் கூரையில்தான் இறங்குகிறது. அதனால்தான் கூரை, கூரை என்று கத்துகிறேன். அகமதாபாத்தில் 2017-இல் ஏழை மக்கள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானாவில் 2023-இல் இதற்கென்று அரசுக் கொள்கையே கொண்டுவந்தார்கள். அவர்களெல்லாம் கம்பெனிக்காரனிடம் ஏமாந்தவர்களா?

கோட்டையூரான்:
வெயிலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதை மட்டும் திருப்பி அனுப்பும் நிறமி கலந்த சிவப்பு பெயிண்டும் விற்கிறார்கள். வெள்ளை அளவுக்கு வராது, சாதாரணச் சிவப்பை விட நன்றாக இருக்கும். அதனால் நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஓட்டுவீடு:
பார்த்தீர்களா, சிவப்பு நல்லது என்று அவரே சொல்லிவிட்டார்.

கோட்டையூரான்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

கொத்தனார் பேரன்:
முன்னோர் முன்னோர் என்கிறீர்களே அண்ணே, எல்லா முன்னோரும் சிவப்பு ஓடா போட்டார்கள்? மாடிக் கட்டுகளில் மெட்ராஸ் டெரஸ் உண்டே. தேக்குச் சட்டம், அதன் மேல் செங்கல், அதன் மேல் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி, அதற்கும் மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. சுண்ணாம்பையும் அதே முன்னோர்தான் வைத்தார்கள்.

ஓட்டுவீடு:
என் வீட்டைப் பற்றி எனக்கே பாடம் நடத்த வேண்டாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது எதற்காக? இந்த ஓட்டுக் கூரைகளுக்கும் சேர்த்துத்தான். வெள்ளையடித்த கான்கிரீட் டப்பாவைப் பார்க்க எவனும் விமானம் ஏறி வரமாட்டான். பள்ளத்தூரான் தம்பியின் வீட்டு இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அவரே சொல்லட்டும். இரண்டு கட்டு வீடு. அதன் தூண்கள் எந்த லாரியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின, எத்தனை போயின என்று ஊருக்கே தெரியும்.

பள்ளத்தூரான்:
இதை இழுப்பீர்கள் என்று தெரியும். 14 பங்காளிகள். ஓடு மாற்ற ஒருவரும் பணம் தரவில்லை. மழை ஒழுகி இரண்டாம் கட்டே சரிந்தது. அந்தத் தூண்கள் போன அன்று எங்கள் அப்பத்தா மதியம் சாப்பிடவில்லை. அந்த வேதனை எங்களுக்கு. உங்களுக்கு மலேசியாவில் இருந்து பணம் வருகிறது, ஓடு மாற்றுகிறீர்கள். எங்களுக்குக் கிடைத்தது கான்கிரீட். அதற்குள் குழந்தைகள் தூங்க வேண்டும். அதற்குத்தான் வெள்ளை. இதில் உங்களுக்கு என்ன கௌரவம் போகிறது?

தேவகோட்டை ஆச்சி:
தூணை விடுங்கள் ஐயா, இரண்டு பேரும். என் தம்பி வீட்டில் நாளைக்கு ஆள் வருகிறான். மாட்டுக் கொட்டகை சிமெண்ட் ஷீட்டுக்கும் வெள்ளை அடிக்கலாமா, வேண்டாமா?

பள்ளத்தூரான்:
அடிக்கலாம் ஆச்சி. கன்றுக்குட்டி மூச்சு வாங்குவது குறையும். ஷீட்டை முதலில் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாது. ஷீட் மேல் யாரும் ஏறி நிற்க வேண்டாம், பலகை போட்டுக்கொள்ளட்டும்.

ஓட்டுவீடு:
வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவது தடவை கேட்கிறேன்.

பள்ளத்தூரான்:
இரண்டரை, மூன்று குறைந்தது. மதியத்தை விட ராத்திரி நன்றாகத் தெரிகிறது.

ஓட்டுவீடு:
ஆ, 15 இப்போது மூன்றாகிவிட்டது!

பள்ளத்தூரான்:
15 மாடியில். மூன்று அறையில். எத்தனை முறை சொல்வது? நாளை மதியம் 2 மணிக்குக் கருவியோடு கானாடுகாத்தானுக்கு வருகிறேன். உங்கள் சிவப்பு ஓட்டின் மேல் வைத்துப் பார்ப்போம். 50-க்குக் கீழே இருந்தால் என் மாடி முழுக்க நானே செங்காவி அடிக்கிறேன்.

ஓட்டுவீடு:
ஓட்டின் மேல் கண்டவன் ஏறினால் ஓடு உடையும். ஏற விடமாட்டேன். பட்டாலையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு அங்கே அளந்துகொள்ளுங்கள்.

பள்ளத்தூரான்:
பேச்சு கூரையைப் பற்றி. கூரையில் அளக்க விடுவீர்களா, மாட்டீர்களா?

கோட்டையூரான்:
அளக்கும்போது அந்தக் கருவியைப் படம் எடுத்துப் போடுங்கள். எனக்கு இன்னும் அந்த 43 மேல் சந்தேகம்தான்.