கேம் லோபுக்குத் தமிழ்: மடலா, புடைப்பா, திமிலா?

வணக்கம்.

கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றுவதற்கான பயிற்சிக் கையேட்டின் வரைவைப் படித்தேன். அந்தத் தண்டில் வால்வைத் தள்ளும் மேடான லோபை வரைவு 'மடல்' என்கிறது. பிஸ்டன், வால்வு, ராக்கர், ரீடெய்னர் எல்லாவற்றையும் பட்டறைப் பேச்சில் உள்ளபடியே விட்டது சரி. கேம்ஷாஃப்டுக்கு 'நெம்புருள் தண்டு' என்று சொல் இருந்தாலும், மதுரையில் எந்த உதிரிபாகக் கடையிலும் அதைச் சொல்லிப் பொருள் வாங்க முடியாது. ஆனால் இந்த வரியை மட்டும் அச்சுக்கு விடக்கூடாது:

> மடலின் கால அளவு 270 டிகிரி உள்ளதாகப் பார்த்து வாங்கவும்.

டிகிரியில் அளப்பதைக் காலம் என்று எப்படிச் சொல்வது? வால்வு திறந்து மூடுவதற்குள் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எவ்வளவு சுற்றுகிறது என்பதுதான் இந்த 270. அது 1000 ஆர்.பி.எம்மில் 45 மில்லி விநாடி, 6000-இல் 7.5 மில்லி விநாடி. காலம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது, கோணம் அசையவில்லை. அந்த 7.5 மில்லி விநாடிக்குள் சிலிண்டர் நிரம்பவில்லை என்பதால்தான் பெரிய கோணம் தேடுகிறோம். 'கால அளவு' என்று எழுதினால் மாணவருக்கு இந்தக் காரணமே பிடிபடாது. 'திறப்புக் கோணம்' என்று வைக்கலாம்.

அடுத்தது 'மடல்'. காதுமடலைப் பார்த்து வைத்த பெயர். தாழை மடல், பனை மடல் என்று தட்டையாக விரிவதைத்தான் நாம் மடல் என்போம். வட்டத்தின் ஒரு பக்கம் எழும்பி நிற்கும் இரும்பு மேட்டுக்கு அது ஒட்டவில்லை. நான் முன்வைப்பது: திமில். காளையின் முதுகு சீராக வந்து, ஏறி, உச்சி தொட்டு இறங்கும் கோடுதான் கேமைப் பக்கவாட்டில் பார்த்தாலும் தெரிகிறது. மேடில்லாத பகுதிக்கு 'அடிவட்டம்'. திமில் உச்சி, ஏறுசரிவு, இறங்குசரிவு என்று கிளைச்சொற்களும் தானாக வந்துவிடும்.

(கப்பலூர்)

---

ஐயா, திறப்புக் கோணத்தை ஏற்கிறேன். ஆனால் அது தனியாக நிற்கக்கூடாது. ஒரு பட்டியலில் 268 என்றிருப்பது வால்வு இருக்கையை விட்டு எழும்பும் நொடியிலிருந்து அளந்ததாக இருக்கும். இன்னொன்றில் 228 என்றிருப்பது 1 மி.மீ. எழும்பிய பிறகு அளந்ததாக இருக்கும். அமெரிக்கப் பட்டியல்களில் டேப்பெட் (கேம் தள்ளும் துண்டு) 1.27 மி.மீ. எழும்பிய கணக்கு. 268-உம் 228-உம் ஏறக்குறைய ஒரே கேமாக இருக்கலாம். '1 மி.மீ. ஏற்றத்தில் திறப்புக் கோணம் 228°' என்று முழுத்தொடராகவே கையேட்டில் வரவேண்டும்.

'ஏற்றம்' என்பதிலும் இரண்டு உண்டு. ராக்கர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) உள்ள எஞ்சினில் கேமின் ஏற்றம் 6.3 மி.மீ., ராக்கர் விகிதம் 1.5 என்றால் வால்வின் ஏற்றம் 9.45. எதைச் சொல்கிறோம் என்று குறிக்காவிட்டால் ஸ்பிரிங் கணக்கு முழுதும் தப்பிப்போகும்.

திமிலுக்கு வருகிறேன். சங்கப் பாடல்களில் திமில் மீன்பிடி படகு. குழப்பம் வராதா? 'புடைப்பு' என்று பொதுவாகச் சொன்னால் போதாதா?

(புதூர்)

---

புடைப்பு வேண்டாம். டயர் பக்கச்சுவரில் புடைப்பு என்றால் டயரைத் தூக்கிப் போடவேண்டும் என்று பொருள். பட்டறையில் அது பழுதைக் குறிக்கும் சொல். கேமில் அந்த மேடுதான் வேலையே செய்கிறது. படகுப் பொருளால் எஞ்சின் கையேட்டில் யாரும் தடுமாறப்போவதில்லை. திமிலுக்கு என் ஒப்புதல்.

அடிவட்டம் என்ற சொல்லுக்கு இரட்டிப்பு ஒப்புதல். பழைய கேமையே கிரைண்டிங் போட்டுத் தரும் வழக்கம் உண்டே, அங்கே நடப்பதை அந்த ஒரு சொல் விளக்கிவிடும். திமில் உச்சியில் இரும்பைக் கூட்ட முடியாது, அதனால் அடிவட்டத்தைக் குறைத்துத்தான் ஏற்றம் கூட்டுகிறார்கள். திமில் ஏற்றம் 1 மி.மீ. கூடவேண்டுமானால் அடிவட்டத்தின் விட்டம் குறைந்தது 2 மி.மீ. சுருங்கும். ராக்கர் அந்த 1 மி.மீ. அளவுக்குக் கேமை நோக்கி நகர்ந்து, வால்வு முனையில் தொடும் இடம் தள்ளிப்போய், வால்வு கைடு (வால்வின் தண்டு சறுக்கும் குழாய்) ஒரு பக்கம் தேயும். ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு) வகையாக இருந்தால் அதே 1 மி.மீ. அளவுக்குத் தடித்த ஷிம் தேடவேண்டும். மேல்தோலின் கடினப் படலமும் அரைபட்டுப் போவதால், மறுபடி நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கடினமாக்குவது) செய்யாமல் பூட்டினால் திமில் சீக்கிரமே மழுங்கிவிடும்.

(திருமங்கலம்)

---

திமிலுக்கு இன்னொரு காரணமும் சேர்க்கிறேன். வரைவில் 'வால்வு மிதப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. வால்வு எதிலும் மிதப்பதில்லை. வேகம் கூடும்போது ஸ்பிரிங்கின் பலம் போதாமல், ராக்கரோ டேப்பெட்டோ திமிலின் இறங்குசரிவோடு ஒட்டி வராமல் விட்டுவிடுகிறது. மாடு பிடிப்பவர் கை திமிலை விட்டு வழுகுவதேதான். 'திமில் நழுவல்' என்று வைத்தால் மேலூர், அலங்காநல்லூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது. கேட்டதும் ஸ்பிரிங் பக்கம் கை போகும்.

அந்த ஸ்பிரிங் பகுதியை வரைவில் இரண்டே வரியில் முடித்திருப்பது பெருங்குறை. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: பூட்டிய நிலையில் ஸ்பிரிங் உயரம் 36 மி.மீ., சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 24.5. வால்வு ஏற்றம் 9.5 என்றால் முழுத்திறப்பில் 26.5, மிச்சம் 2 மி.மீ., கவலையில்லை. அதே ஸ்பிரிங்கில் 10.8 ஏற்றமுள்ள கேமைப் போட்டால் மிச்சம் 0.7தான். குறைந்தது 1 முதல் 1.5 மி.மீ. வேண்டும். சுருள் முட்டினால் ராக்கர் உடையும், இல்லையேல் திமில் தேயும். இதற்குச் 'சுருள் முட்டல்' என்றே எழுதலாம். ரீடெய்னரின் (ஸ்பிரிங்கை வால்வில் பிடித்துவைக்கும் தொப்பி) அடிப்பக்கத்துக்கும் கைடு சீலுக்கும் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்ற சோதனை வரைவில் இல்லவே இல்லை. பிஸ்டன் தலையில் 6 மி.மீ. கனத்துக்குப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, வால்வு முகத்தில் ஆயில் தடவி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றவேண்டும். எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிடவேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி, பதிந்த களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டினால் மெலிந்த இடம் தெரியும். இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. குறையக்கூடாது. எக்ஸாஸ்டுக்கு ஏன் கூடுதல் என்றால், மூடிக்கொண்டிருக்கும் அந்த வால்வைப் பிஸ்டன் பின்னாலேயே துரத்தி வருகிறது. திமில் நழுவினால் முதலில் அடி வாங்குவதும் அதுதான். கவனிக்கவேண்டிய இடம் பிஸ்டனின் உச்சிநிலை மட்டுமல்ல, அதற்கு 10° முன்னும் பின்னும்.

(மேலூர்)

---

நல்லது. மிச்சமிருப்பது இரண்டு சொல். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் பகுதியை வரைவு 'மேற்பொருந்துகை' என்கிறது. 'இருதிறப்பு' என்றால் போதும். இன்டேக் திமிலின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் திமிலின் உச்சிக்கும் இடைப்பட்டது 'திமில் இடைக்கோணம்'. இதைக் கேம் டிகிரியிலும், திறப்புக் கோணத்தைக் கிராங்க் டிகிரியிலும் அளப்பதை அடைப்புக்குறிக்குள் போடாமல் தடித்த எழுத்தில் போடுங்கள். இரண்டு வால்வுக்கும் 270°, இடைக்கோணம் 110° என்றால், கேமின் ஒரு சுற்றுக்குக் கிராங்க் இரண்டு சுற்று என்பதால் 110-ஐ இரட்டித்து, 270-இல் 220 போக இருதிறப்பு 50°. இடைக்கோணம் 105° ஆனால் 60°.

திருத்திய பத்தி இது:

"முதலில் எந்த ஆர்.பி.எம்மில் இழுவை வேண்டும் என்று முடிவு செய்யவும். திறப்புக் கோணம் கூடினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடி, குறைந்த வேகத்தில் காற்று திரும்ப வெளியேறும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும் வண்டி 2000 ஆர்.பி.எம்மில் திணறும். இருதிறப்பு கூடினால் ஐடிலிங் தடுமாறும், வேக்குவம் குறைந்து பிரேக் பூஸ்டர் வலுவிழக்கும். கேமோடு வரும் அட்டையில் உள்ள டேப்பெட் இடைவெளியையே வைக்கவும், பழைய கம்பெனி அளவை வைக்கவேண்டாம். உருளை இல்லாமல் உரசும் வகை டேப்பெட்டானால் புதுக் கேமுக்குப் புது டேப்பெட்தான். திமில்களில் மாலிப்டினம் பசை பூசி, துத்தநாகம் மிகுந்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்.பி.எம்மில் 20 நிமிடம் ஓட்டவும்."

ஐடிலில் ஏன் விடக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள்: கேம் பிளாக்குக்குள் இருக்கும் எஞ்சினில் கிராங்க் தெறிக்கும் ஆயில்தான் அந்த வகைத் திமிலை நனைக்கிறது, வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும்.

(கப்பலூர்)