புதுப்பிப்பு: மேனேஜ்மென்ட்டா, சப்ளை செயினா? முடிவெடுத்துவிட்டேன்

கலிஃபோர்னியாவில் பகலில் கிடங்கு வேலை பார்க்கிறேன், மாலையில் கம்யூனிட்டி காலேஜில் பிசினஸ் மேனேஜ்மென்ட் படிப்பதா, சப்ளை செயின் (சரக்கு தொழிற்சாலையிலிருந்து வாடிக்கையாளர்வரை வந்துசேரும் ஏற்பாடு) படிப்பதா என்று போன வருடம் கேட்டிருந்தேன். இரண்டிலும் ஒரு வகுப்பு எடுத்துப் பார் என்று ஒருவர் சொன்னார். அப்படியே செய்தேன். அவருக்கு ரொம்ப நன்றி.

மேனேஜ்மென்ட் வகுப்பும் நல்ல வகுப்புதான். ஆனால் மனதைப் பிடித்தது சப்ளை செயின், அதுவும் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான 'பீர் கேம்' என்ற சரக்கு ஆர்டர் விளையாட்டை விளையாடிய அந்த ஒரு மாலை. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். பேசக்கூடாது, ஆர்டர் சீட்டை மட்டும் நகர்த்தலாம். நான் மொத்த வியாபாரி. வாடிக்கையாளர் கேட்டது வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8 ஆனது, அவ்வளவுதான். கடைசிவரை அதே 8. சரக்கு வந்துசேர இரண்டு வாரம் ஆகும் என்பதால் பயந்துபோய் 20, 30 என்று எழுதினேன். தொழிற்சாலைக்காரர் அதற்கும் மேலே போனார். முடிவில் என் முன்னால் பெட்டிகளைக் குறிக்கும் வில்லைகள் மலையாகக் குவிந்துவிட்டன. 2022இல் எங்கள் கிடங்கில் நடைபாதைவரை அட்டைப்பெட்டி அடுக்கியது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

செலவு கேட்டிருந்தீர்கள். மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு) 46 டாலர். அசோசியேட் பட்டத்துக்கு (இரண்டு வருடப் பட்டம்) 60 யூனிட், ஆக 2,760 டாலர். புத்தகம் தனி.

சரி, அடுத்த பருவத்தில் புள்ளியியல் எடுக்கிறேன். அந்த வகுப்பை முடித்தவர்கள் இருந்தால் எதைப் படிக்கலாம் என்று சொல்லுங்கள், இப்போதே படிக்கத் தொடங்குகிறேன்.